கேட்டேன்

குன்னூர் கோர்ட்டில் உருதுக்கு ஆள் வரவில்லை என்று
தட்டச்சு மேசையிலிருந்து என்னை எழுப்பிவிட்டார்கள்.
வெலிங்டன் பஜாரில் அப்பாவுக்குத் தையல் கடை;
அடுத்த கடைப் பேச்சு என் காதில் தங்கிப்போனது.
அவ்வளவுதான் தகுதி.

சாட்சி ஜைத்தூன் பீ.
கேத்தி பாலாடாவில், கேரட் கழுவும் மிஷின் பக்கம்,
இரவு இரண்டு மணிக்கு ஃபிளாஸ்க்கில் டீ விற்பவர்.
லாரி பின்னால் வந்ததா,
நின்ற லாரியில் பையன் வழுக்கி விழுந்தானா, அதுதான் வழக்கு.
சுக்ரா ஓராவ்ன், பத்தொன்பது வயது, ராஞ்சிப் பக்கம்.
இடது கால் முழங்காலோடு போயிற்று.

அரசு வக்கீல் முடித்து உட்கார்ந்ததும்
கூண்டிலிருந்து இறங்கப் பார்த்தார் ஜைத்தூன் பீ.
இல்லைம்மா, இனிமேல்தான் இருக்கு.
இப்போ அந்தப் பக்கத்து வக்கீல் கேட்பார்.
நீங்கள் சொன்னதையே உள்வெளியாகத் திருப்பி
பிரிந்த தையல் எங்கே என்று விரலால் தடவுவார்.
'அதுக்கு என்ன பேரு?'

தமிழில் குறுக்கு விசாரணை.
குறுக்கு என்றால் எனக்குத் தேயிலைக்குள் இறங்கும் பாதைதான்,
சீக்கிரம் போகலாம், அட்டை ஏறும்.
அவர் மொழிக்கு ஜிரஹ் என்றேன்.

ஜிரஹ், ஜிரஹ் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.
'அடிபட்டவனை மஜ்ரூஹ்னு சொல்லுவோம்.
அதே எழுத்துங்கதானே இது.
அப்ப எனக்கும் படுமா?'

நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். என்ன அங்கே?
வார்த்தைக்குப் பொருள் சொல்கிறேன், மேடம்.

வக்கீல் ஹாலன் எழுந்தார். மென்மையான குரல்.
அன்றைக்கு மிஸ்ட்டா? மிஸ்ட்.
எத்தனை அடி தெரியும்?
கையில் இருக்கிற டம்ளர் தெரியும்.
லாரி நகர்ந்ததைக் கண்ணால் பார்த்தீர்களா?
இல்லை.
பிறகு எப்படித் தெரியும்?

'மைன் சுனி' என்றார்.
கேட்டேன், என்றேன் நான்.

கேட்டேன்.
தட்டச்சில் ஒரு நொடி. காகிதத்தில் ஏறிவிட்டது.
ஹாலன் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி.
யாரிடம் கேட்டீர்கள்?
யாரோ சொல்லக் கேள்விப்பட்டது, அவ்வளவுதானே?

ஜைத்தூன் பீ என்னைப் பார்த்தார்.
அவர் மொழியில் விசாரிப்பதற்கு ஒரு சொல்,
செவியில் விழுவதற்கு வேறொன்று.
எங்களுக்கு இரண்டும் ஒரே கதவு;
வக்கீலும் கேட்டார், சாட்சியும் கேட்டார்,
ஊர் வாயிலிருந்து வந்ததும் அதே கதவு வழியாகத்தான் வரும்.
அந்தக் கதவில் விரல் நசுங்கியது அவருக்கு,
சாத்தியது நான்.

மேடம், தவறு என்னுடையது, திருத்த வேண்டும்.
சாட்சி சொன்னது: காதால் கேட்டேன்.
ஹாலன் ஆட்சேபித்தார், மொழிபெயர்ப்பாளர் சாட்சி சொல்கிறார் என்று.
நீதிபதி பேனாவை வைத்தார், எடுத்தார்.
எதைக் கேட்டார் என்று அவரையே கேளுங்கள்.

எனக்கு வேலை வைக்கவில்லை ஜைத்தூன் பீ.
கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தமிழிலேயே,
கிளீனர் கத்தியபடியே:
'வரலாம், வரலாம், வரலாம், வரலாம்...'
ஐந்தாவதைச் சொல்லவில்லை.
மின்விசிறி இல்லாத அந்த அறையில்
வெளியே யாரோ ஸ்கூட்டர் உதைப்பது மட்டும்.

வேறு கேள்வி இல்லை என்றார் ஹாலன்.
'கேட்டேன்' முன்னால் ஒரு கூரை மாதிரிக் குறியிட்டு
'காதால்' என்று மையில் எழுதி
நீதிபதி சுருக்கொப்பம் போட்டார்.
தீர்ப்பு எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாது.
அடுத்த வாய்தா இருபத்தி மூன்றாம் தேதி.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அவரும் நின்றிருந்தார்,
ராத்திரி வியாபாரத்துக்குச் சர்க்கரை வாங்கிய பையோடு.
பட்டதா என்று கேட்க நினைத்தேன். அதுவும் ஒரு கேள்வி.
பாலாடா பஸ் பின்னால் ஒதுங்கியது.
கண்டக்டர் தகரத்தைத் தட்டித் தட்டி
வரலாம், வரலாம் என்றார்.

ஜைத்தூன் பீ பையைக் கீழே வைத்துவிட்டு
சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பார்த்தார்.